எஸ்எம்பிஎஸ்-க்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல குறைஞ்ச செலவுல வீட்லயே கேமிங் கம்ப்யூட்டர் கட்டுறது எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு இல்லையா, அதை எங்க அக்கா பையன் கத்தரிச்சு எடுத்துட்டு வந்து என் கையில குடுத்து, "மாமா, இதுல இருக்கிறதை அப்படியே வாங்கிரலாமா"ன்னு கேட்டான். படிச்சேன். கட்டுரை நல்லாத்தான் ஆரம்பிக்குது, ஆனா கடைசியில ஒரு பட்டியல் போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. 8 கோர் பிராசசர், லிக்விட் கூலர், 32 ஜிபி ரேம், லைட் எரியிற கண்ணாடி கேபினெட், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எல்லாத்துக்கும் கீழ "எஸ்எம்பிஎஸ் 1". அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ்-னா கம்ப்யூட்டருக்குள்ள எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் குடுக்கிற பெட்டி, அது என்ன மாடல், எத்தனை வாட், எதுவும் இல்ல. ஸ்க்ரூ 1 பாக்கெட்னு எழுதுற மாதிரி எழுதி விட்டுட்டீங்க.

நான் இஞ்சினியர் கிடையாது, கம்ப்யூட்டர் கடையில வேலை பாக்குறவனும் கிடையாது. எனக்கு ஒண்ணு, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்களுக்கு நாலஞ்சுன்னு அசெம்பிள் பண்ணி, அதுல ரெண்டு தடவை நல்லா சூடு பட்டு கத்துக்கிட்டவன். அதனால சொல்றேன், உங்க பட்டியல் தலைகீழா இருக்கு. பணம் எங்க போகணுமோ அங்க போகல, எங்க போகவே வேண்டாமோ அங்க கொட்டியிருக்கு. பேப்பர்ல அச்சாகி வந்துட்டா பசங்க அதை அப்படியே நம்பிடுறாங்க சார், அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், சுருக்கிப் போட்டாலும் பரவால்ல, எஸ்எம்பிஎஸ் பத்தி எழுதினதை மட்டும் வெட்டிராதீங்க.

முதல்ல எந்த பார்ட்டையும் தொடுறதுக்கு முன்னாடி பையன்கிட்ட நான் கேட்டது ரெண்டே கேள்விதான், என்ன கேம் ஆடப் போற, எந்த மானிட்டர்ல ஆடப் போற. இதை கேக்காம போடுற பட்டியல் அளவெடுக்காம சட்டை தைக்கிற மாதிரிதான். 1080பி மானிட்டர்ல ஒரு படத்துக்கு 1920 பெருக்கல் 1080, அதாவது கிட்டத்தட்ட 20.7 லட்சம் பிக்சல். 1440பி-க்கு போனா அது 36.9 லட்சம் ஆயிரும், 4கே-ன்னா 1080பி மாதிரி நாலு மடங்கு. இந்த ஒவ்வொரு புள்ளியையும் செகண்டுக்கு 60 தடவை வரையணும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டா 144 தடவை. 60-ல ஒரு படத்துக்கு கிடைக்கிற நேரம் 16.7 மில்லிசெகண்ட், 144-ல வெறும் 6.9. கம்மி பட்ஜெட்டுக்கு 1080பி-தான் சரி, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி போட்டி கேம் மட்டும் ஆடுறவனுக்கு ஒரு மெஷின், பெரிய பெரிய கதை கேம் எல்லாத்தையும் நல்ல குவாலிட்டியில பாக்கணும்னு நினைக்கிறவனுக்கு வேற மெஷின், ரெண்டையும் ஒரே பட்டியல்ல அடைக்க முடியாது.

இப்போ பணம் எங்க போகணும்னா, கிராபிக்ஸ் கார்டுக்கு. மானிட்டர், கீபோர்டு எல்லாம் தனி, பெட்டிக்குள்ள போற மொத்த பணத்துல ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரு கார்டுக்கு ஒதுக்கிட்டு மிச்சத்துல மத்ததை பாக்கணும், இது என் கணக்கு, சில பேர் பாதி வரைக்கும் கூட போவாங்க. ஏன்னா கேம் ஓடும்போது பிராசசர் பண்றது யார் எங்க நிக்குறாங்க, குண்டு எங்க போச்சு, கதவு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு கணக்கு பாத்து கார்டுக்கு சொல்றது, அதை படமா வரையிறது கார்டு. நீங்க ரெசல்யூஷனை ஏத்துனா பிராசசருக்கு வேலை பெருசா கூடாது, கார்டுக்குத்தான் கூடும். இதை யாரும் வீட்லயே பாத்துக்கலாம், கேமுக்குள்ள போய் ரெசல்யூஷனை பாதியா குறைச்சுப் பாருங்க, செகண்டுக்கு வர்ற படம், அதாவது ஃபிரேம், எகிறுச்சுன்னா கார்டுதான் மூச்சு வாங்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம், எகிறலைன்னா பிராசசர். உங்க பட்டியல்ல 8 கோர் பிராசசரை வாங்கி வச்சுட்டு அதுக்கு கீழ 4 ஜிபி கார்டு, லாரி இஞ்சினை வாங்கி சைக்கிள் சக்கரம் மாட்டின கதை.

அந்த 4 ஜிபி விஷயத்தையும் கொஞ்சம் சொல்லணும். 2020-ல வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டுலயும் மொத்தம் 16 ஜிபி மெமரி, அதை பிராசசரும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கும். இப்போ பெரிய கேம் பண்றவங்க எல்லாம் அந்த அளவை மனசுல வச்சுத்தான் டெக்ஸ்ச்சர், அதாவது சுவர், தரை, துணி மேல ஒட்டுற படம், பண்றாங்க. அதனால புதுசா வாங்குறவங்களுக்கு 8 ஜிபி-தான் ஆரம்பம், சில கேம்ல அல்ட்ரா போட்டா 8-ம் பத்தாது, டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கிக்கணும். 4 ஜிபி கார்டுல மெமரி நிரம்பிருச்சுன்னா அது மிச்சத்தை மெயின் ரேம்ல கொண்டு போய் வைக்கும், அங்கிருந்து எடுக்க எடுக்க கேம் திக்கித் திக்கி ஓடும், சராசரி ஃபிரேம் நம்பர் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆடுறவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

கார்டு வாங்குறதுல பெரிய ஏமாத்து எங்க இருக்குன்னா பேர்ல. ஒரே பேர், உள்ள சரக்கு வேற. ஜிடி 1030-னு ஒரு கார்டு 2017-ல வந்துச்சு ஜிடிடிஆர்5 மெமரியோட, செகண்டுக்கு 48 ஜிபி மெமரி வேகம். அடுத்த வருஷம் அதே பேர்ல டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொண்ணு விட்டாங்க, அதோட வேகம் 16.8 ஜிபி, மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். பெட்டி மேல பேர் ஒண்ணுதான். ஜிடிஎக்ஸ் 1060-ல 6 ஜிபி, 3 ஜிபின்னு ரெண்டு வந்துச்சு, மெமரி மட்டும் பாதின்னு நினைச்சு வாங்குனவங்க நிறைய பேர், ஆனா உள்ள கோரும் 1280-ல இருந்து 1152 ஆயிருச்சு. ஆர்டிஎக்ஸ் 3050 கதையும் இதேதான், 2022-ல வந்த 8 ஜிபி கார்டுல 2560 கோர், 2024-ல வந்த 6 ஜிபி கார்டுல 2304, மெமரி பாதையும் 128 பிட்டுல இருந்து 96 பிட்டுக்கு சுருங்கிருச்சு. ஆர்எக்ஸ் 580-ல 2048எஸ்பி-ன்னு பக்கத்துல சின்னதா எழுதியிருந்தா அது உண்மையில 570 அளவு கோர் இருக்கிற கார்டு. இதெல்லாம் மோசமான கார்டுன்னு சொல்லல, அந்த 6 ஜிபி 3050-க்கு 70 வாட் போதும், தனியா பவர் ஒயர் இல்லாத மாடலும் கிடைக்குது, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சொருகுறதுக்கு அதை மாதிரி கிடைக்காது. எது என்னன்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான் நான் சொல்றது.

உங்க பட்டியல்ல இருக்கிற 4 ஜிபி கார்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. அது 2022 ஆரம்பத்துல வந்தது. அதுல பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன், அதாவது கார்டும் மதர்போர்டும் டேட்டா மாத்திக்கிற பாதை, நாலே நாலுதான். மதர்போர்டு பிசிஐ 4.0 ஆ இருந்தா ஒரு லேனுக்கு செகண்டுக்கு சுமாரா 2 ஜிபி, சமாளிச்சுக்கும். ஆனா நீங்க கூட போட்டிருக்கிற பி450 போர்டு 3.0, அதுல லேனுக்கு 1 ஜிபி-தான், மெமரியும் 4 ஜிபி, பாதையும் பாதி, அந்த மெமரி நிரம்பும்போது என்ன ஆகும்னு மேல சொன்னேனே அது ரெண்டு மடங்கா ஆகும். கார்டைத் தனியா பாத்தா தப்பில்ல, போர்டைத் தனியா பாத்தாலும் தப்பில்ல, ரெண்டையும் சேத்து வச்சா தப்பு. அதே ஏஎம்டி கம்பெனியோட ஆர்எக்ஸ் 6600-ல 8 லேன், 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் ஒயர். பட்ஜெட் 1080பி-க்கு இது பழசானாலும் இன்னும் நல்லா உழைக்கிற கார்டு. இன்டெல்லோட ஆர்க் கார்டு பக்கம் போறவங்க ஒண்ணு பாத்துக்கணும், பிராசசர் கார்டு மெமரி முழுசையும் ஒரே வீச்சுல எட்டுறதுக்கு ரீசைசபிள் பார்-னு ஒரு செட்டிங் இருக்கு, அது பயாஸ்ல, அதாவது மதர்போர்டுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்ல, ஆன் ஆகலைன்னா அந்த கார்டு நொண்டி அடிக்கும், ரொம்பப் பழைய போர்டுல அந்த செட்டிங்கே இருக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. வாங்கலாம், தாராளமா வாங்கலாம், பட்ஜெட்ல பெரிய ஜம்ப் கிடைக்கிறதே அங்கதான். எத்தீரியம்ங்கிற கிரிப்டோ காசை கிராபிக்ஸ் கார்டை ஓட்டி சம்பாதிக்கிறதைத்தான் மைனிங்னு சொல்வாங்க, 2022 செப்டம்பர்ல எத்தீரியம் அந்த மைனிங்கே தேவையில்லாத முறைக்கு மாறுனதும் மைனிங்ல ஓடுன கார்டு எல்லாம் மூட்டை மூட்டையா வெளிய வந்துச்சு, அதுல பல இன்னும் கைமாறிட்டுத்தான் இருக்கு. மைனிங்ல ஓடுன கார்டுன்னாலே செத்துருச்சுன்னு இல்ல, ஃபேன் பேரிங் தேஞ்சிருக்கும், சூட்டைக் கடத்துற பேஸ்ட் காஞ்சிருக்கும், இது ரெண்டும் மாத்திக்கலாம், ஆனா மெமரி சிப் சூட்டுல அடிவாங்கியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால காசு குடுக்கிறதுக்கு முன்னாடி கண்ணு முன்னால ஒரு கேமையோ ஸ்ட்ரெஸ் டெஸ்டையோ இருபது நிமிஷம் ஓட விடச் சொல்லுங்க, திரையில புள்ளி புள்ளியா கலர் தெறிச்சா எழுந்து வந்துருங்க. ஜிபியு-இசட்-னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதையும் ஓட்டிப் பாருங்க. ரொம்பப் பழைய சிப்போட பயாஸை மாத்தி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-ன்னு பேர் காட்ட வச்சு விக்கிறது ஊரறிஞ்ச மோசடி, அந்த மாதிரி கார்டை அது ஃபேக்குன்னு காட்டிக் குடுத்துரும். எஸ்எம்பிஎஸ் மட்டும் செகண்ட் ஹேண்ட்ல வேண்டாம், அதுக்குள்ள கெப்பாசிட்டர் என்ன நிலையில இருக்குன்னு வெளிய இருந்து யாராலயும் சொல்ல முடியாது.

பிராசசருக்கு வரேன். 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை) இருந்தா இந்த பட்ஜெட்டுக்கு போதும், ரைசன் 5 5600 இல்லன்னா இன்டெல் ஐ5 12400எஃப், இன்னும் இழுத்துப் பிடிக்கணும்னா ஐ3 12100எஃப், அதுல 4 கோர் 8 த்ரெட். இந்த எஃப்-ங்கிற எழுத்தை கவனிக்கணும், உள்ள கிராபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம், கார்டு இல்லாம மானிட்டர்ல ஒண்ணும் தெரியாது. ஏஎம்டியோட பழைய ஏஎம்4 சாக்கெட், அதாவது பிராசசர் உக்கார்ற இட வகை, அதுக்கான பிராசசர்ல ஜி-ன்னு இருந்தா கிராபிக்ஸ் உண்டு. கையில இப்போ முழுப் பணம் இல்ல, கார்டை ஆறு மாசம் கழிச்சு வாங்கிக்கிறேன்னு சொல்றவனுக்கு 5600ஜி ஒரு வழிதான், ஆனா அதுல கேஷ் மெமரி, அதாவது பிராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி, 16 எம்பி, 5600-ல 32, பின்னாடி கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு ஃபிரேம் வராது, பிசிஐ-யும் 3.0-ல நின்னுரும். பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம். 5500-ங்கிறதும் இந்த ஜி குடும்பத்து சிப்புதான், அதனால விலை கம்மியா இருக்கேன்னு ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம்.

மதர்போர்டுல நான் முதல் தடவை பட்ட அடி என்னன்னா, பி450 போர்டும் ரைசன் 5000 பிராசசரும் வாங்கி எல்லாம் மாட்டி ஸ்விட்ச் போட்டா ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல. ரேமை கழட்டி மாட்டி, கார்டை கழட்டி மாட்டி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து, போர்டு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். போர்டு ஸ்டாக்ல ரொம்ப நாளா இருந்திருக்கு, உள்ள இருந்த பயாஸுக்கு அந்த பிராசசரே யாருன்னு தெரியல. கூட வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட பழைய ரைசன் ஒண்ணை ஒரு மணி நேரம் கடன் வாங்கி மாட்டி பயாஸ் அப்டேட் பண்ணினதும் சாதுவா ஓடுச்சு. பிராசசர் இல்லாமலே பென் டிரைவ்ல பயாஸ் ஏத்துற பட்டன் சில போர்டுல இருக்கு, ஏஎம்4 போர்டு வாங்குறவங்க அது இருக்கான்னு பாத்து வாங்குங்க. புதுசா ஏஎம்5-க்கு போனா டிடிஆர்5 மட்டும்தான், செலவு கூடும், ஆனா பின்னாடி பிராசசர் மட்டும் மாத்திக்க இடம் இருக்கு. இன்டெல் 12-வது தலைமுறை போர்டுல டிடிஆர்4-க்கு தனி, டிடிஆர்5-க்கு தனின்னு ரெண்டும் வருது, மாத்தி வாங்கிட்டா ரேம் உள்ளயே போகாது, பள்ளம் வேற இடத்துல இருக்கும், தயவு செஞ்சு அழுத்தாதீங்க.

32 ஜிபி ரேம் எதுக்கு சார்? அதுவும் ஏஐ டேட்டா சென்டர் எல்லாம் மெமரி சிப்பை அள்ளிட்டுப் போக ஆரம்பிச்சு 2025 கடைசியில இருந்து ரேம் விலை கன்னாபின்னான்னு ஏறிக் கிடக்கிற நேரத்துல. 16 ஜிபி போதும், ஆனா ஒரே ஸ்டிக்கா வாங்காம 8 ஜிபி ரெண்டா வாங்கணும். டிடிஆர்4 3200-ல ஒரு ஸ்டிக் மட்டும் இருந்தா செகண்டுக்கு 25.6 ஜிபி, ரெண்டு இருந்தா 51.2, ரோடு ரெண்டு மடங்கு அகலம். 5600ஜி மாதிரி ரேமையே கிராபிக்ஸுக்கும் எடுத்துக்கிற பிராசசருக்கு இது உயிர்நாடி. நாலு ஸ்லாட் இருந்தா பெரும்பாலான போர்டுல பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் மாட்டணும். மாட்டின பிறகு பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பி-ங்கிற, ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்கை ஆன் பண்ணலைன்னா 3200 ரேம் 2133-லயோ 2400-லயோ மெதுவா உருண்டுக்கிட்டு இருக்கும், ரெண்டு வருஷமா அப்படியே ஆடிட்டு இருந்த ஒருத்தரை எனக்குத் தெரியும், அவர் மனசு கஷ்டப்படுவார்னு நான் ஆன் பண்ணிட்டு எதுவும் சொல்லாம வந்துட்டேன்.

எஸ்எஸ்டி பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. பழைய சாட்டா இணைப்பு எஸ்எஸ்டி செகண்டுக்கு 550 எம்பி வேகம், பிசிஐ பாதையில ஓடுற என்விஎம்இ 3.0 எஸ்எஸ்டி சுமாரா 3500, கேம் லோட் ஆகுறதுல இந்த ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் அந்த நம்பர் மிரட்டுற அளவுக்கு இருக்காது, பழைய ஹார்டு டிஸ்க்ல இருந்து எதுக்கு மாறினாலும்தான் உண்மையான வித்தியாசம். போர்டுலயே சொருகுற சின்ன பட்டை மாதிரி எம்.2 வடிவத்துல இருக்குன்னு மட்டும் பாத்து என்விஎம்இ-ன்னு நினைக்காதீங்க, சாட்டா எஸ்எஸ்டியும் அதே வடிவத்துல வருது.

இப்போ எஸ்எம்பிஎஸ். நான் கட்டின ரெண்டாவது மெஷின்ல கேபினெட் கூடவே இலவசமா ஒண்ணு வந்துச்சு, மேல பெருசா 500 வாட்டுன்னு ஸ்டிக்கர். சரி பணம் மிச்சம்னு அதையே போட்டேன். சும்மா பாட்டு கேக்குறது, பிரவுசர் எல்லாம் பிரச்சனையே இல்ல. கேம்ல சண்டை சூடு பிடிக்கும்போது மட்டும் டப்புன்னு மொத்தமா ஆஃப் ஆகும், விண்டோஸ் எரர் கிடையாது, நீலத் திரை கிடையாது, கரண்ட் போன மாதிரி. விண்டோஸை மறுபடி போட்டேன், டிரைவர் மாத்தினேன், கார்டுதான் கோளாறுன்னு கடைக்கு திருப்பி அனுப்பி அவங்க ஒண்ணும் இல்லன்னு திருப்பி அனுப்பி, ஒன்றரை மாசம் போச்சு. ஒரு நாள் கருகுன வாசனை வந்த பிறகுதான் அந்த பெட்டியோட பக்கவாட்டுல இருக்கிற சின்ன அட்டவணையை படிச்சேன். 12 வோல்ட்ல 20 ஆம்பியர். 12 பெருக்கல் 20, 240 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிக்கிறது முக்கால்வாசி அந்த 12 வோல்ட்ல இருந்துதான், மிச்ச வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட்ல போட்டு கூட்டிக் காட்டியிருக்காங்க, அது இந்தக் காலத்து மெஷினுக்கு பெருசா உதவாது. அந்த 240-ஐயாவது நிஜமா தருமான்னா அதுவும் சந்தேகம்.

சண்டை காட்சியில மட்டும் ஏன் ஆஃப் ஆகுதுன்னா, கார்டு எப்பவும் ஒரே அளவுல கரண்ட் இழுக்காது. மேல 6600-க்கு சொன்ன 132 வாட்டுங்கிறது சராசரி, நடுவுல சில மில்லிசெகண்டுக்கு அதைவிட கணிசமா மேல போய்ட்டு வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும், இல்லன்னா பாதுகாப்பா தன்னைத்தானே அணைச்சுக்கும். மட்டமானது தாங்காது, அணையவும் தெரியாது, போறப்போ மதர்போர்டையும் கார்டையும் கூட கூட்டிட்டுப் போகும். நம்ம அதிர்ஷ்டம், என்னோடது தனியாப் போச்சு.

பெரிய வாட் வாங்கணும்னும் இல்ல, இதுல எதிர்ப்பக்கமா ஏமாறுறவங்களும் உண்டு. கணக்கு போட்டுப் பாருங்க, 5600 பிராசசர் முழு மூச்சுல 80 வாட்டுக்குள்ள, 6600 கார்டு 132, போர்டு ரேம் எஸ்எஸ்டி ஃபேன் எல்லாத்துக்கும் ஒரு 50, 60. மொத்தம் 300 கூட தாண்டல. நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ் இருந்தா நாளைக்கு இதைவிட பெரிய கார்டு மாத்தினாலும் ஓடும், 850 எல்லாம் வேண்டாம். 80 பிளஸ் முத்திரை இருக்கணும், ஆனா அது சொல்றது மின்சாரம் எவ்வளவு வீணாகாம மாறுதுங்கிறதை மட்டும்தான், 115 வோல்ட்ல பாதி லோடுல பிரான்ஸ்னா 85 சதவீதம், கோல்டுன்னா 90. பாகம் தரமா, பாதுகாப்பு சர்க்யூட் இருக்கா, எவ்வளவு நாள் உழைக்கும்னு அந்த முத்திரை சொல்லாது. நான் பாக்குறது மூணு, 12 வோல்ட் வரியில எத்தனை ஆம்பியர், வாரண்டி குறைஞ்சது அஞ்சு வருஷமா, கார்டுக்கு வேண்டிய 6+2 பின் ஒயர் அதுலயே வருதா. ஒயர் இல்லாம மோலெக்ஸ்-ங்கிற பழைய 4 பின் ஒயர்ல இருந்து மாத்துற அடாப்டர் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க, அது உருகும். அப்புறம் ஒயர் கழட்டி மாட்டுற மாடுலர் டைப் வச்சிருந்தா, பழைய எஸ்எம்பிஎஸ் ஒயரை புதுசுல மாட்டவே மாட்டாதீங்க, பின் ஒண்ணு போல இருக்கும், உள்ள வர்ற வோல்ட் வேற, ஒரே நொடியில ஹார்டு டிஸ்க் காலி.

லிக்விட் கூலருக்கு நீங்க ஒதுக்கின பணத்தை அப்படியே இங்க திருப்பி விட்டுருக்கலாம். 65 வாட் பிராசசருக்கு பெட்டியிலயே வர்ற கூலர் போதும், கொஞ்சம் சத்தம் போடும், ஹெட்ஃபோன் மாட்டினா கேக்காது. கேபினெட்டும் அப்படித்தான், முன்னாடி முழுக்க கண்ணாடி வச்சு மூடினா காத்து எங்க இருந்து உள்ள வரும், வலை போட்ட முன்பக்கம், முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள, இது போதும். லைட் எரியிறது தப்புன்னு சொல்லல, என் மெஷின்லயும் ஒண்ணு எரியுது, அது ஃபேன் கூட வந்தது, அணைக்கத் தெரியாம விட்டுட்டேன்.

இன்னொரு பொறி, ஜியான்-ங்கிற இன்டெல்லோட பழைய சர்வர் பிராசசரும் போர்டும் ரேமும் சேத்து கோம்போன்னு மலிவா விக்கிறது. கோர் நிறைய இருக்கும், பாத்ததும் ஆசை வரும். ஆனா விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, விண்டோஸ் 11 கேக்குறது டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி, இன்டெல்ல 8-வது தலைமுறையோ அதுக்கு மேலயோ, அந்த ஜியான் எல்லாம் அந்தப் பட்டியல்லயே இல்ல. இ5 வி2 வகையில ஏவிஎக்ஸ்2-ங்கிற, கணக்கை வேகமா போடுற பிராசசர் வசதியும் கிடையாது, சில புது கேம் அது இல்லாம தொறக்கவே தொறக்காது. வேலரன்ட் ஆடுறவன் விண்டோஸ் 11-ல டிபிஎம்-மும், நம்பகமான சாஃப்ட்வேர்ல மட்டும் மெஷின் ஆரம்பிக்க விடுற செக்யூர் பூட்டும் ஆன்ல வச்சாகணும். லினக்ஸ் போட்டுக்கலாம்னு சொல்வாங்க, விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுறதுக்கு 2018-ல வால்வ் கம்பெனி கொண்டு வந்த புரோட்டான் சாஃப்ட்வேர் வந்த பிறகு நிறைய கேம் அதுல நல்லாவே ஓடுது, ஆனா ஏமாத்தி ஆடுறவங்களைப் பிடிக்கிற ஆன்டி சீட் வச்ச கேம்ல பல இன்னும் உள்ள விடாது.

அசெம்பிள் பண்றது கஷ்டமே இல்ல, பொறுமை இருந்தா ஒரு மதியம். ஆனா எல்லாரும் பண்ற தப்பு ஒரு நாலு இருக்கு, நானும் பண்ணியிருக்கேன். கூலருக்கு அடியில இருக்கிற பிளாஸ்டிக் உறையை உரிக்காம மாட்டுறது. பிராசசருக்குன்னு மேல மூலையில இருக்கிற 8 பின் ஒயரை மறந்துட்டு ஆன் ஆகலன்னு அழுறது. மானிட்டர் ஒயரை கார்டுல மாட்டாம மதர்போர்டுல மாட்டிட்டு கார்டு வேஸ்ட்டுன்னு திட்டுறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டு விண்டோஸ் செட்டிங்ல 60-லயே விட்டுர்றது.

அக்கா பையனுக்கு உங்க பட்டியலை வச்சுக்கிட்டே பக்கத்துல அடிச்சு எழுதிக் குடுத்தேன். 8 கோர் 6 ஆச்சு, லிக்விட் கூலர் போச்சு, 32 ஜிபி 16 ஆச்சு, கண்ணாடி போய் வலை வந்துச்சு, அந்த மிச்சத்துல 4 ஜிபி கார்டு 8 ஜிபி ஆச்சு, எஸ்எம்பிஎஸ்-க்கும் ஒழுங்கா ஒரு தொகை கிடைச்சுது. மொத்தம் கூடவே இல்ல. அவனுக்கு கண்ணாடி போனதுல மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த தடவை இந்த மாதிரி பட்டியல் போடும்போது கடைசி வரியில எஸ்எம்பிஎஸ்-க்கு எத்தனை வாட், 12 வோல்ட்ல எத்தனை ஆம்பியர், எத்தனை வருஷ வாரண்டின்னு சேத்துப் போடுங்க. அந்த 6500 எக்ஸ்டி-யையும் பி450 போர்டையும் சேத்துப் போட்டதுக்கு ஒரு சின்ன திருத்தம் வந்தா இன்னும் நல்லது, இந்த வாரமே வந்தா ரொம்ப நல்லது, அதை நம்பி பணம் கட்டப் போறவங்க யாராவது இருப்பாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன், ஒரு மாமா